ஞானோதயம் என்ன ஆனார்?



'சூது கவ்வும் 2: நாடும் நாட்டு மக்களும்' என்னும் திரைப்படம் 2024 டிசம்பர் 13ஆம் நாள் வெளிவந்து, நெடுநாள் நிலைக்காமல் போயிற்று. சிரிப்பு வரவில்லை என்றார்கள். முதல் பாகத்தில் இருந்த புதுமை இதில் இல்லை என்றார்கள். விஜய் சேதுபதி இல்லாத படத்துக்கு அந்தப் பெயரை வைத்ததே தவறு என்றார்கள். நம் சபை வாலிபர்களும் ஆராதனை முடிந்தபின் வண்டிகள் நிறுத்தும் வேப்பமரத்தடியில் நின்று இதையே பேசினார்கள். ஒரு படம் விழுந்ததற்கு ஒரு போதகன் தன் வாராந்தரச் சிந்தனையைச் செலவிடுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அது விழுந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. அதைத் தள்ளுவதற்கு நாம் சொன்ன காரணங்களின்மேல்தான் எனக்கு வழக்கு உண்டு. அந்த வழக்கில் எதிராளிகள் நாமே.

முதல் பாகத்தை அறியாதவர்களுக்காகக் கதையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2013 மே 1 அன்று வெளிவந்த 'சூது கவ்வும்' நலன் குமரசாமி இயக்கிய முதல் திரைப்படம். 'அட்டகத்தி', 'பீட்சா' ஆகியவற்றைத் தயாரித்த சி.வி. குமாரே இதற்கும் தயாரிப்பாளர். தாஸ் என்னும் சில்லறை ஆள்கடத்தல்காரனாக விஜய் சேதுபதி நடித்தார். தாஸ் தன் தொழிலுக்கென்று விதிமுறைகள் வகுத்து வைத்திருப்பவன். அதிகாரம் படைத்தவர்கள்மேல் கை வைக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. வேறு எவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு கற்பனைக் காதலியும் அவனுக்கு உண்டு. வேலையில்லாத மூன்று இளைஞர்கள் அவனோடு சேர்கிறார்கள். விதியை மீறி அவர்கள் ஓர் அமைச்சரின் மகனைக் கடத்துகிறார்கள். அந்த மகனோ, தகப்பனிடம் பணம் பறிப்பதற்காகத் தன்னைத் தானே கடத்திக்கொள்ளத் திட்டமிட்டிருந்தவன்.

அமைச்சரின் பெயர் ஞானோதயம், எம்.எஸ். பாஸ்கர் நடித்தார். மகன் பெயர் அருமைப் பிரகாசம், கருணாகரன் நடித்தார். (இரண்டுமே நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கத்தக்க பெயர்கள்.) ஞானோதயம் கை நீட்டாதவர், லஞ்சம் கொடுக்க வந்தவனைச் சட்டத்தின் கையில் ஒப்புவித்தவர். கதையின் முடிவில், ராதாரவி நடித்த முதலமைச்சர் அவருக்குத் தேர்தலில் இடம் மறுத்து, பணத்தை மறைக்கத் தெரிந்த மகனுக்கு அந்த இடத்தைக் கொடுக்கிறார். மகன் அமைச்சராகிறான். தகப்பன் ஒதுக்கப்படுகிறார்.

நல்ல படம். நான் இரண்டு முறை பார்த்தேன். நேர்மையானவன் கட்சிக்குச் சுமை, திருடத் தெரிந்தவன் கட்சிக்கு முதலீடு என்ற கசப்பான உண்மையை, எத்தனையோ பிரசங்கங்களைவிடத் துல்லியமாக அதன் கடைசிக் காட்சிகள் நம் கையில் வைத்தன. வைக்கப்பட்டதை நாம் என்ன செய்தோம்? முதலமைச்சர் ஞானோதயத்தைச் சிறுமைப்படுத்தும்போது அரங்கில் எழுந்த சிரிப்பை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிரிப்பு முதலமைச்சர்மேல் விழவில்லை. எதிரே ஒன்றும் பேசத் தெரியாமல் நின்ற கிழவர்மேல் விழுந்தது.

இந்தச் சிரிப்புக்குத் தமிழில் பெயர் உண்டு: 'பிழைக்கத் தெரியாதவன்.' பிழைத்தல் என்னும் சொல்லுக்கு உயிர் வாழ்தல் என்றும் பொருள் உண்டு, தவறுதல் என்றும் பொருள் உண்டு. முன்னோர் இரண்டையும் இடமறிந்து பயன்படுத்தினார்கள். தவறத் தெரியாதவனுக்கு வாழவும் தெரியாது என்று நம் தலைமுறை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

நெய்வேலியில் வாழும் நமக்கு இந்தப் பட்டம் புதிதன்று. இவ்வூர் வேலை என்னும் ஒன்றைச் சுற்றி எழுந்த ஊர். 1956இல் நிறுவனம் தோன்றியது. சுரங்கம், அனல்மின் நிலையம், மூன்று ஷிப்டு, வட்டம் வட்டமாகக் குடியிருப்பு என்று நம் வாழ்க்கையின் வடிவமே அதிலிருந்து வந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை, பெண் கேட்டுப் போன குடும்பங்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். ஆகையால், "உள்ளே ஆள் இருக்கிறது, வேலை வாங்கித் தருகிறேன்" என்று வருகிற இடைத்தரகனுக்கு இங்கே எப்போதும் ஏதோ ஒரு வீட்டின் கதவு திறந்தே இருக்கிறது.

நான் அறிந்த ஒரு குடும்பத்திலும் அப்படி ஒருவன் வந்தான். (யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன், கண்டுபிடிக்க முயல வேண்டாம்.) மகன் ஐ.டி.ஐ. முடித்து, அப்ரண்டிஸ் பயிற்சியும் முடித்து, மந்தாரக்குப்பத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். தரகன் கேட்ட தொகை, நிலம் விற்ற வகையில் வங்கியில் இருந்தது. தகப்பன் மறுத்துவிட்டார். "பணம் போய்விடும் என்று பயப்படவில்லை ஐயா. அந்த வேலை நிஜமாகவே கிடைத்தாலும், அது வேறொருவர் பிள்ளைக்கு உரிய இடம்" என்று என்னிடம் சொன்னார். சில வாரம் கழித்து ஒரு நிச்சயதார்த்த விருந்து. பந்தியில் அவருடைய மைத்துனர் எல்லார் காதிலும் விழும்படி, "எங்க மச்சான் இன்னும் ஞானோதயமாவே இருக்காரு!" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. மகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவன், அப்படியே நின்றான். மைத்துனர் ஞாயிறுதோறும் தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவர். அன்று அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுதுவது அழகாயிராது.

"படம்தானே ஐயா, சிரித்துவிட்டுப் போவதுதானே" என்று சொல்லுகிறவர்களுக்கு அந்தப் பந்தியைக் காட்டுவேன். 2013இல் ஒரு திரைக்கதையில் இருந்த பெயர், நம் ஊர்ப் பந்தியில் ஒரு நல்ல மனிதனை அடிக்கும் கோலாக மாறியிருக்கிறது. திரைக்கும் தெருவுக்கும் இடையே சுவர் உண்டு என்று நெய்வேலிக்காரர் யாரும் சாதிக்க முடியாது. 2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்புக்காக விஜய் நம் சுரங்கத்துக்கு வந்தபோது, வெளியே திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் நாம். அவர் வாகனத்தின்மேல் ஏறிக் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபியை நாடே பார்த்தது. நாள்கணக்கில் சாலையில் நிற்கிற அளவுக்கு நம்மை அசைக்கிற ஒன்று, நம் மனச்சாட்சியை மட்டும் தொடாமல் போகுமா?

இந்த இடத்தில் உடன் ஊழியர் சிலர், "அதனால்தான் சினிமாவே வேண்டாம் என்கிறோம்" என்பார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. அவர்கள் சொல்லுகிற வழியைத் திருச்சபை ஒருமுறை நடந்து பார்த்தாயிற்று. அமெரிக்கத் திரைத்துறை 1930இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதை எழுதியவர்களுள் முதன்மையானவர் டேனியல் லார்ட் என்னும் இயேசு சபைக் குரு. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து, 1968 வரை இருந்தது. குற்றவாளியின்மேல் பார்வையாளருக்குப் பரிவு உண்டாகக் கூடாது என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. பலன் என்ன? படம் முழுவதும் கொள்ளைக்காரனின் மிடுக்கைக் காட்டிவிட்டு, கடைசியில் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். கூட்டம் மிடுக்கை வீட்டுக்கு எடுத்துச் சென்றது. முடிவை இருக்கையிலேயே விட்டுச் சென்றது. நம் பழைய தமிழ்ப் படங்களில் எல்லாம் முடிந்தபின் ஜீப்பில் வந்திறங்கும் போலீஸாரை எவராவது பயபக்தியோடு பார்த்ததுண்டா? தண்டனையை ஒட்டுப்போட்டால் கதை ஒழுக்கமாகிவிடாது.

சிரிப்பே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியாது. வேதாகமத்தை ஒழுங்காக வாசித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண் மங்கிய முதியவர். தாயே கூட்டாளி. இளைய மகன் கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு, அண்ணனின் உடையை அணிந்து, சமைத்த கறியோடு உள்ளே போகிறான். கிழவருக்குக் குரலில் ஐயம். தடவிப் பார்த்தால் கையில் மயிர். ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்காமல் இருந்ததேயில்லை. குற்றமும் நகைச்சுவையும் கலந்த கதை என்று இன்று விளம்பரம் செய்யலாம். ஆனால் யாக்கோபு வெளியே போன அடுத்த நொடியே ஏசா உள்ளே வருகிறான். அவன் உரத்த சத்தமாய்க் கதறி அழுததை வேதம் வெட்டி எறியவில்லை. அதே வகுப்பில், அதே பிள்ளைகள், அந்த இடத்தில் அமைதியாகிவிடுகிறார்கள்.

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு. 29ஆம் அதிகாரத்தில் லாபான், ராகேலுக்குப் பதிலாக லேயாளை இருட்டில் அனுப்பி யாக்கோபை ஏமாற்றுகிறான். 37ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் சொந்தப் பிள்ளைகள், யோசேப்பின் அங்கியை ஆட்டின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து தகப்பனிடம் காட்டுகிறார்கள். தகப்பனை ஏமாற்ற ஆட்டுத் தோலைப் பயன்படுத்தியவனை, அவன் பிள்ளைகள் ஆட்டு இரத்தத்தால் ஏமாற்றுகிறார்கள். போலீஸ் வரவில்லை, வானத்திலிருந்து இடியும் விழவில்லை. கணக்கு மட்டும் வீடு தேடி வந்துவிட்டது.

இனி நம் படத்துக்கு வருவோம். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையே ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் கடந்திருந்தன. நலன் இல்லை, எஸ்.ஜே. அர்ஜுன் இயக்கினார். விஜய் சேதுபதி இல்லை. மிர்ச்சி சிவா கடத்தல் கும்பலின் தலைவனானார். அவனுக்கும் ஒரு கற்பனைக் காதலியைக் கொடுத்தார்கள். அருமைப் பிரகாசம் அமைச்சராகவே தொடர்ந்தார். 'நாடும் நாட்டு மக்களும்' என்ற துணைத்தலைப்பைப் பார்த்தபோது எனக்கு ஓர் எதிர்பார்ப்பு எழுந்தது. திருடத் தெரிந்த மகன் அமைச்சரானதற்கு நாடு என்ன விலை கொடுத்தது? தாஸைப் போன்றவர்களை ரசித்த மக்கள் என்ன விலை கொடுத்தார்கள்? துணைத்தலைப்பு அந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. படமோ முதல் பாகத்தின் சட்டையை எடுத்து வேறு ஆளுக்கு மாட்டிவிட்டது. அளவு சேரவில்லை. இந்த மட்டில் பார்வையாளர்கள் சொன்னதோடு நானும் உடன்படுகிறேன்.

ஆனால் அவர்கள் எழுப்பிய கூக்குரல் எதற்கு? பழைய சிரிப்பை மறுபடி தரவில்லை என்பதற்கு. நாளிதழிலும் யூடியூபிலும் வேப்பமரத்தடியிலும் நான் கேட்ட விமரிசனங்களில் தாஸ் எங்கே என்று கேட்டார்கள், பகலவன் எங்கே என்று கேட்டார்கள், சந்தோஷ் நாராயணனின் இசை எங்கே என்று கேட்டார்கள். ஞானோதயம் என்ன ஆனார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எம்.எஸ். பாஸ்கர் இரண்டாம் பாகத்திலும் வருகிறார். அவரைப் பற்றிப் பேசுவார் இல்லை. நேர்மையாக இருந்ததற்காக வீட்டிலும் கட்சியிலும் தோற்றுப்போன ஒருவர், மகன் அமைச்சராக இருக்கும் அதே வீட்டில் இத்தனை ஆண்டுகள் எப்படிக் கண்விழித்தார், எப்படிச் சாப்பிட உட்கார்ந்தார்? கதை என்றால் அதுவல்லவா கதை? அதைக் கேட்கத் தோன்றாத பார்வையாளர்களுக்கு எந்த இயக்குநர் அதை எடுத்துக் கொடுப்பார்?

படத்தின் பெயரையே பாருங்கள். பாரதியார் பாஞ்சாலி சபதத்தில், சூதில் தோற்று நிற்கும் சபையில் கொதித்தெழுந்த வீமனிடம் அருச்சுனன் சொல்லுவதாக அமைந்த ஒரு வாக்கிலிருந்து எடுத்தது அது. அந்த வாக்குக்கு முற்பாதியும் உண்டு, தருமத்தின் வெற்றியைச் சொல்லும் பிற்பாதியும் உண்டு. நாம் முற்பாதியைத் தலைப்பாக்கிக்கொண்டோம். முதல் பாகத்துக்கு அது பொருந்தும். அங்கதம் அப்படித்தான் பேசும். இரண்டாம் பாகத்துக்கும் அதே பாதிதானா? அதைவிட வேதனை, பிற்பாதி எங்கே என்று கேட்கிறவர் ஒருவரும் இல்லாதது.

நம் பார்வையாளர்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது, இனி குற்றவாளிகளைக் கொண்டாடமாட்டார்கள் என்று எவரேனும் ஆறுதல் கொள்ளுவதற்கும் வழியில்லை. அதே 2024 டிசம்பரில், எட்டு நாள் முன்னதாக, 5ஆம் தேதி வெளிவந்த 'புஷ்பா 2' செம்மரக் கடத்தல்காரனின் கதை. அதுவும் இரண்டாம் பாகம்தான். இந்திய சினிமா வரலாற்றிலேயே மிகப் பெரிய வசூல்களுள் ஒன்றை அது ஈட்டியது. முந்தின இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கின் சிறப்புக் காட்சியில் கூட்டம் நெரிந்து ஒரு தாய் இறந்தார். அவருடைய சிறு மகன் உயிருக்குப் போராடினான். வசூல் குறையவில்லை. செம்மரத்தின் மெய்யான கணக்கோ தமிழ் வீடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் தமிழ்நாட்டு மரம்வெட்டிகள் 20 பேர் மாண்டார்கள். கூலிக்குப் போனவர்கள். அவர்களை அனுப்பியவர்கள் அந்தக் காட்டில் இல்லை. அந்த 20 வீடுகளும் நம்மிடமிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை. அதே மாநிலத்து மக்களாகிய நாம், செம்மரக் கடத்தல்காரனின் நடையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வீடியோ எடுத்தோம்.

ஆக, 'சூது கவ்வும் 2'ஐ நாம் தள்ளியது திருட்டு கசந்ததால் அன்று. அதைச் சுவையாகப் பரிமாறவில்லை என்பதால்தான். ஓட்டலில் உப்பு குறைந்தது என்று இலையை மூடிவிட்டு எழுந்தவர்கள், விரதம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

வேறு விதமாகவும் இந்த வகைப் படம் எடுக்க முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2014இல் வந்த எச். வினோத்தின் 'சதுரங்க வேட்டை'யில் நட்டி நடித்த காந்தி பாபு மண்ணுளிப் பாம்பு, சங்கிலித்தொடர் வியாபாரம் என்று ஊர் ஊராக ஏமாற்றுகிறான். சிரிக்கிறோம். ஏமாந்தவர்களின் பேராசையையும் படம் விட்டுவைக்கவில்லை. அதையும் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு பழைய கணக்கு அவனைத் தேடி வருகிறது, அவன் ஒதுங்கி வாழ விரும்பும் வீட்டு வாசலுக்கே. அப்போதும் படம் சலிக்கவில்லை. மக்களும் அதைத் தள்ளவில்லை. கணக்கைக் காட்டினால் கூட்டம் வராது என்ற சாக்கு, இந்த ஒரு படத்தின் முன்னே நிற்காது.

லூக்கா 16இல் நம் ஆண்டவர் சொன்ன அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதையும் இந்த வகையைச் சேர்ந்ததே. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அவன் எஜமானின் கடன்காரர்களைக் கூப்பிட்டு, 100 குடம் எண்ணெயை 50 என்றும், 100 மரக்கால் கோதுமையை 80 என்றும் மாற்றி எழுதச் சொல்லுகிறான். கேட்டவர்கள் புன்னகைத்திருப்பார்கள். ஆயினும் அந்தக் கதை தொடங்குவதே கணக்கை ஒப்புவி என்னும் கட்டளையில்தான். அதைக் கேட்ட கூட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதையும் லூக்கா எழுதி வைத்திருக்கிறார்: பொருளாசைக்காரரான பரிசேயர் பரியாசம் பண்ணினார்கள். திருடனைப் பார்த்து அவர்கள் நகைக்கவில்லை. கணக்குக் கேட்டவரைப் பார்த்து நகைத்தார்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை வாலிபர் கூடுகையில் இந்த இரண்டு படங்களையும் குறித்துப் பேசப்போகிறோம். வருகிறவர்கள் வெறுங்கையோடு வர வேண்டாம். முதல் பாகம் முடிந்த இரவு ஞானோதயம் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். மகன் பதவியேற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறான்; தகப்பன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசினாரா, பேசவில்லையா? பேசினால் என்ன பேசினார்? பெரியவர்களும் எழுதலாம். அந்த மைத்துனரையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.